ரொசாந்தாவின் தேதிகள்

எங்கள் கணினித் துறையில் ரொசாந்தா எழுதும் தேதியை ஒருவரும் நம்புவதில்லை. ஒரு மாநாட்டுக்குக் கட்டுரை அனுப்ப நவம்பர் இருபது கடைசி நாள் என்று அவர் எழுதினால், இருபத்திரண்டு என்று படித்துக்கொள்வோம். புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் வாரமே இதைச் சொல்லிக்கொடுத்துவிடுவோம். லிஃப்டில் நான்கு பேருக்கு மேல் ஏறாதே, ரொசாந்தாவின் தேதியோடு இரண்டைக் கூட்டிக்கொள். மற்றதெல்லாம் போகப்போகத் தெரியும்.

ரொசாந்தா எங்கள் துறையின் செயலாளர். வயது அறுபத்தொன்று. ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலை ஒன்பது மணிக்கு அவரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வரும். வரப்போகும் மாநாடுகள், யார் எங்கே பேசப்போகிறார்கள், எதற்கு எப்போது கெடு, எல்லாம் அதில் இருக்கும். இருபத்தாறு வருடமாக ஒரு திங்கள்கூடத் தவறியதில்லை. நோவி சாத் நகரில் இருக்கும் நாங்கள் மட்டுமல்ல, மற்ற ஊர்களான பெல்கிரேடிலும் நிஷிலும் இருப்பவர்கள்கூட அதைக் கேட்டு வாங்கிப் படிக்கிறார்கள். உலகத்து மாநாட்டுப் பட்டியல்கள் எல்லாம் இணையத்தில் கொட்டிக் கிடக்கும்போது இது எதற்கு என்று கேட்டால், அந்தப் பட்டியல்கள் எவையும் "இந்தப் பேச்சாளர் வாய்க்குள்ளேயே பேசுவார், முன்வரிசையில் உட்காருங்கள்" என்று சொல்வதில்லை. "போன வருடம் இங்கே போனவர்கள் மூன்று நாளும் குளிர்ந்த சாண்ட்விச் தின்றார்கள், யோசித்துக்கொள்ளுங்கள்" என்றும் சொல்வதில்லை. செயற்கை நுண்ணறிவு என்றால் என்ன என்று அவரைக் கேட்டால் தோளைக் குலுக்குவார். ஆனால் அதில் எந்த மாநாடு உருப்படியானது, எது பணம் பிடுங்குவது என்று கேட்டால் மூச்சு விடாமல் சொல்வார்.

இங்கே வருவதற்கு முன் பதினோரு வருடம் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தார். தொண்ணூறுகளில் புடாபெஸ்டுக்கும் வியன்னாவுக்கும் பேருந்து பேருந்தாக ஆட்கள் கிளம்பிப் போன காலம். பெட்டியோடு கடைசி நிமிடத்தில் ஓடிவந்து, போன வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்து அழுகிறவர்களைத் தினமும் கண்ணாடிக்கு உள்ளேயிருந்து பார்த்திருக்கிறார். ஒரு நாள் மனசு கேட்காமல், கடைசி அறிவிப்பை ஐந்து நிமிடம் முன்பே சொல்லத் தொடங்கினாராம். மேலதிகாரிக்கு நான்கு வருடம் தெரியவே இல்லை.

அதற்கும் முன்பே பழகிய கை அது. அவர் கணவர் ரதிவோய், எங்கள் நாட்டில் தம்புரா என்று சொல்லும் நரம்பு வாத்தியம் வாசிப்பவர். நேரம் என்ற ஒன்று இருப்பதையே ஒப்புக்கொள்ளாத மனிதர். கல்யாணத்தன்று தேவாலயத்தில் பத்து மணிக்கு நிற்க வேண்டும் என்று ரொசாந்தா அவரிடம் சொல்லிவைத்தார். பதினொன்றுக்குத்தான் கல்யாணம். மாப்பிள்ளை பத்தேமுக்காலுக்கு வந்து, தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டார். பாதிரியார்கூட அசந்துபோனார் என்பார்கள்.

இனி என்னைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். இந்தக் கதையில் நான் அவ்வளவு நல்லவன் இல்லை. என் பெயர் லுக்கியான். பேராசிரியர். எனக்கு மூக்கின் மேல் கோபம் வரும். வேலையைக் கடைசி நேரத்தில்தான் செய்வேன், அப்போதுதான் எனக்கு மூளை ஓடும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவேன். நான் நல்ல பிள்ளையாக இருந்தால் ரொசாந்தா என்னைத் 'தம்பி' என்பார். 'பேராசிரியரே' என்று ஆரம்பித்தால் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடிவிட வேண்டும்.

என்னிடம் முனைவர் பட்டத்துக்குப் படிப்பவள் விஷ்ன்யா. கிகிந்தா என்ற ஊரிலிருந்து வந்தவள், இருபத்தேழு வயது, அதிகம் பேசமாட்டாள். பழைய வானொலி ஒலிநாடாக்களில் எங்கள் வொய்வொதினா வட்டாரத்து விவசாயிகள் பேசியிருப்பதைக் கேட்டு அதை எழுத்தாக்கித் தரும் நிரல் ஒன்றைச் செய்துகொண்டிருந்தாள். அவளுடைய ஆராய்ச்சிப் பணி அந்தக் குளிர்காலத்தோடு முடிகிறது. நீட்டிக்க வேண்டுமானால் பிப்ரவரி முடிவதற்குள் பெரிய மாநாடு ஒன்றில் அவள் கட்டுரை ஏற்கப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் வாசலோடு சரி. பந்தயக் கம்பெனி ஒன்று அவளுக்காக நாற்காலி போட்டுக் காத்திருந்தது. கால்பந்தில் யார் ஜெயிப்பார் என்று ஊர்க்காரர்கள் பந்தயம் கட்டுவதற்கு நிரல் எழுதும் வேலை. அதை நினைத்தாலே அவளுக்கு முகம் சுருங்கிவிடும். லிஸ்பனில் கோடையில் நடக்கும் மாநாட்டுக்கு நவம்பரில் கெடு. எண்ணிப் பார்த்தால் அந்த ஒன்றுதான் அவளுக்கு இருந்த வாய்ப்பு.

ரொசாந்தாவின் கடிதம் நவம்பர் 20 என்றது. நான் இரண்டைக் கூட்டிக்கொண்டேன்.

விஷ்ன்யா தன் கட்டுரையை மூன்று வாரம் முன்பே என் மேசையில் வைத்துவிட்டாள். நான் அதன் மேல் ஒரு முறை காபிக் கோப்பையை வைத்தேன். வேறு எதுவும் செய்யவில்லை.

இருபத்தோராம் தேதி மிக்கேல் தூதரின் திருநாள். ஊரில் பாதி வீட்டில் அன்று ஸ்லாவா, குடும்பத்தைக் காக்கும் புனிதருக்கான விருந்து. ஸ்லாவாவுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை, தெரிந்தவர்கள் தாமாகப் போய்ச் சாப்பிட வேண்டியதுதான். என் மைத்துனன் வீட்டிலும் ஸ்லாவா. மதியம் அங்கே போய் வயிறு முட்டத் தின்றுவிட்டு, மறுநாள் கட்டுரையைக் கையில் எடுப்பதாக எனக்கு யோசனை. காலை பதினொன்றேகால் மணிக்கு நானும் விஷ்ன்யாவும் காபி அறையில் நின்றுகொண்டிருந்தோம். கட்டடம் வெறிச்சோடிக் கிடந்தது. ரொசாந்தா வாசலில் வந்து நின்றார்.

"பேராசிரியரே, லிஸ்பன் கட்டுரை போயாச்சா?"

"நாளைக்குத்தானே?"

"எந்த நாளைக்கு? இருபதுன்னு எழுதியிருந்தேனே."

"நீங்க இருபதுன்னா இருபத்திரண்டு. சின்னப் பிள்ளைக்கும் தெரியும்."

ரொசாந்தா கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். "டீன் ஆபீஸ்லேருந்து சுற்றறிக்கை வந்துச்சே, நீங்க பாக்கலையா? அறிவிக்கிற தேதியெல்லாம் துல்லியமா இருக்கணும்னு. நான் வேலைக்கு இருக்கிறவ, சொன்னதைக் கேட்டேன். இந்தத் தடவை இருபதுன்னா இருபதுதான்."

அப்படி ஒரு சுற்றறிக்கை வந்தது உண்மை. அதைப் படித்து நானே சிரித்திருக்கிறேன். இப்போது சிரிப்பு வரவில்லை. விஷ்ன்யாவின் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

"முடிஞ்சுதா அப்போ?" என்றாள்.

"முடியலை. கடல் நடுவுல அந்தத் தீவு இருக்கே, அங்க இன்னும் நேத்துதான்," என்றார் ரொசாந்தா.

எங்கள் தொழிலில் கெடு நாள் அவரவர் ஊர்க் கடிகாரப்படி முடிவதில்லை. பூமியின் எந்த மூலையிலாவது அந்த நாள் மிச்சம் இருக்கும்வரை கெடு முடியவில்லை என்று வழக்கம். பசிபிக்கில் ஆளே இல்லாத ஒரு தீவில்தான் நாள் கடைசியாக முடிகிறது. அங்கே நள்ளிரவுக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது நோவி சாத்தில் மறுநாள் மதியம் பன்னிரண்டு ஐம்பத்தொன்பது. ஆளில்லாத தீவுக்கு அன்று நான் செலுத்திய நன்றியை எந்தப் புனிதருக்கும் செலுத்தியதில்லை.

அடுத்த ஒன்றரை மணி நேரத்தை எப்படிச் சொல்வது? ரொசாந்தா எங்கள் இருவரின் செல்பேசியையும் வாங்கித் தன் மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். மாநாட்டின் இணையப் பக்கத்தில் விவரங்களை நிரப்புவது, கட்டுரையை ஏற்றுவது எல்லாம் எப்போதுமே அவர் வேலைதான். எங்களை விட்டால் சொந்தப் பெயரையே தப்பாக எழுதுவோம். அவர் தன் அறையில் அதைத் திறந்துவைத்துக்கொண்டு, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை தாழ்வாரத்தில் நேரத்தை அறிவித்தார். பதினோரு வருடம் பழகிய குரல்.

பத்துப் பக்கத்தை மாநாடு கேட்கும் எட்டாக்க வேண்டும். ஒரு படம் பாதியில் நின்றது. நான் வாக்கியம் வாக்கியமாக வெட்டினேன், விஷ்ன்யா ஒட்டினாள். எனக்கு வந்த கோபத்தை டீன் மேலும் சுற்றறிக்கை மேலும் விசைப்பலகை மேலும் கொட்டினேன். நடுவில் அவள் அழுதாள். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். பன்னிரண்டு ஐம்பத்தொன்றுக்கு ரொசாந்தா தன் அறையிலிருந்து, "போயாச்சு, ஏத்தியாச்சு," என்றார்.

நான் நாற்காலியில் சரிந்தேன். பிறகு கோட்டை எடுத்துக்கொண்டு, செல்பேசியை வாங்கிப்போக அவர் அறைக்குப் போனேன். ரொசாந்தா செல்பேசியோடு கட்டுரையின் அச்சுப் பிரதி ஒன்றையும் நீட்டினார். இளஞ்சூடாக இருந்தது.

"இது எதுக்கு?"

"படிக்கிறதுக்கு. கெடு இருபத்திரண்டுதான். அந்தத் தீவுக் கணக்குல பாத்தா நாளன்னைக்கு மதியம் வரைக்கும் இருக்கு. அதுக்குள்ள பழசை எடுத்துட்டுப் புதுசைப் போடலாம். மைத்துனர் வீட்டுக்குத்தானே போறீங்க, அங்க உக்காந்து ஒரு தடவை படிங்க."

அன்று நான் போட்ட சத்தத்தை இங்கே எழுதினால் அச்சுக்கு ஆகாது. ஏமாற்றுக்காரி என்றேன். அந்தப் பெண்ணை அழவைத்தாயே, உனக்கு நெஞ்சு இருக்கிறதா என்று ஒருமையில் கேட்டேன். மூன்று மாடிக்கும் கேட்டிருக்கும், கேட்க ஆள்தான் இல்லை. ரொசாந்தா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டு, "சாப்பாடு ஆறிடப் போகுது, தம்பி," என்றார்.

மைத்துனன் வீட்டில் இருபது பேர். யாரோடும் முகம் கொடுத்துப் பேச எனக்கு மனமில்லை. மூலையில் உட்கார்ந்து, ஒரு கையில் கோஸ் இலையில் சுருட்டிய கறியான சர்மாவும் ஒரு கையில் கட்டுரையுமாகப் படிக்க ஆரம்பித்தேன்.

"என்ன மாப்ளே, வீட்டுப்பாடமா?" என்று மைத்துனன் கேட்டான்.

"வாயை மூடிட்டு ஊத்து."

மூன்றாம் பக்கத்தில், எங்கள் நிரலுக்குப் பாடமாகக் கொடுத்த ஒலிநாடாக்களுக்கு உதாரணமாக ஒரு விவசாயியின் பேச்சு இருந்தது. பெச்செய் ஊர்ப் பக்கத்து ஆள். "என் வாத்துங்க என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது, பக்கத்து வீட்டுக்காரன் பேச்சைக் கேக்குது" என்று வானொலிக்குத் தொலைபேசியில் முறையிட்டிருந்தார். சிரித்துக்கொண்டே மேலே போனேன். ஏழாம் பக்கத்தில், நிரல் இதுவரை கேட்டே இராத பேச்சைச் சரியாக எழுதியதற்குச் சான்று என்று ஒரு வரி இருந்தது. அதே வாத்து. அதே பக்கத்து வீட்டுக்காரன்.

சர்மாவைத் தட்டில் வைத்தேன். பரீட்சையில் கேட்கப்போகும் கேள்வியையே முந்தின நாள் பாடமாக நடத்திவிட்டு, பிள்ளை நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு வாங்கிவிட்டான் என்று ஊரைக் கூட்டிச் சொல்வது போன்ற காரியம் இது. ஒலிநாடாக்களைப் பாடத்துக்கு இவை, பரீட்சைக்கு இவை என்று பிரித்தது நான். விஷ்ன்யா அல்ல, நானேதான், போன வருடம், ஒரே மாலையில். விவசாயிகள் பேசும் அந்த வானொலி நிகழ்ச்சி புதன்கிழமை ஒலிபரப்பாகி ஞாயிற்றுக்கிழமை மறுஒலிபரப்பாகும். புதன் நாடாக்கள் ஒரு பக்கம் போயின, ஞாயிறு நாடாக்கள் இன்னொரு பக்கம்; ஒரே பேச்சு இரண்டு பக்கமும் விழுந்துவிட்டது. இந்த ஊரில் பிறந்து, சமையலறையில் அந்த நிகழ்ச்சியைக் கேட்டே வளர்ந்த எனக்கு அது தோன்றவே இல்லை.

மாநாட்டில் மதிப்பீட்டாளர்கள் கண்ணில் இது பட்டிருந்தால் விஷ்ன்யாவின் கட்டுரை குப்பைக்குப் போயிருக்கும். அவள் பெயரும்தான். அவளைப் பந்தயக் கம்பெனிக்கு நானே கழுத்தைப் பிடித்துத் தள்ளியிருப்பேன்.

பால்கனிக்குப் போய் அவளைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

"எல்லாத்தையும் திரும்பப் பிரிச்சு, நிரலை மறுபடி முதல்லேருந்து பழக்கணும் சார்," என்றாள். "முப்பது மணி நேரம் ஆகும். துறையோட பெரிய கம்ப்யூட்டர்ல நமக்கு முன்னாடி மூணு பேர் வரிசையில இருக்காங்க."

"யாரு?"

அவள் பெயர்களைச் சொன்னாள். மூன்று பேர் வீட்டிலும் அன்று ஸ்லாவா. நான் ரொசாந்தாவைக் கூப்பிட்டேன். ஒரு மணி நேரம் முன்பு அவரை என்னென்னவோ சொன்ன வாயால் உதவி கேட்பது சுலபமாக இல்லை, ஆனாலும் கேட்டேன். அவர் அந்த மூன்று பேரிடமும் வரிசையாகத் தொலைபேசியில் பேசி, முறையை எங்களுக்கு விட்டுத்தரக் கேட்டார். வாசலில் விருந்தாளி, அடுப்பில் வறுவல், கையில் கண்ணாடிக் குவளை என்று நிற்கும் மனிதன் எதற்கும் சரி என்றுதான் சொல்வான். மாலை நான்கு மணிக்கு இயந்திரம் எங்கள் வசம் வந்தது.

மறுநாள் இரவு முடிவு வந்தது. நிரல் நூற்றுக்கு வாங்கியிருந்த தொண்ணூற்று நான்கு, எண்பத்தொன்று ஆகியிருந்தது. எனக்கு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்ளத் தோன்றியது. விஷ்ன்யா மட்டும், "இதுவரைக்கும் மத்தவங்க எடுத்தது எழுபத்தேழுதான் சார். இது நெசமான எண்பத்தொன்னு. இதையே அனுப்பலாம்," என்றாள். மறுஒலிபரப்பினால் வந்த தவறையும் அதைச் சரிசெய்த விதத்தையும் ஒரு பத்தியில் அவளே எழுதிச் சேர்த்தாள். மறுநாள் காலை, கெடுவுக்கு மூன்று மணி நேரம் முன்பே, ரொசாந்தா பழையதை எடுத்துவிட்டுப் புதியதை ஏற்றினார். என் வாழ்க்கையில் எந்தக் கட்டுரையும் அவ்வளவு சீக்கிரம் போனதில்லை.

பிப்ரவரி பதினெட்டாம் தேதி பதில் வந்தது. ஏற்றுக்கொண்டார்கள். தவறை மறைக்காமல் சொன்ன அந்தப் பத்திக்காகவே மதிப்பெண்ணைக் கூட்டிப் போட்டதாக மதிப்பீட்டாளர் ஒருவர் எழுதியிருந்தார். விஷ்ன்யாவின் பணி இரண்டு வருடத்துக்கு நீண்டது. அவள் தாழ்வாரத்தில் வந்து ரொசாந்தாவைக் கட்டிப்பிடித்துத் தூக்கியே விட்டாள். ரொசாந்தா சின்ன ஆள் இல்லை.

ஒரே ஒரு விஷயம் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அந்தத் தவறை யார் செய்தது என்று கட்டுரையில் இல்லை. மாணவிதான் செய்திருப்பாள், பேராசிரியர் கண்டுபிடித்திருப்பார் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். விஷ்ன்யா மறுக்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. நான்கு மாதம் அப்படியே ஓடிற்று.

லிஸ்பனுக்குப் போவதற்கு முன் ஜூன் மாதம் எங்கள் துறையிலேயே அவள் ஒரு முறை பேசிப் பார்த்தாள். திங்கட்கிழமைக் கடிதத்தில் ரொசாந்தா அவள் பெயரை எல்லா அயல்நாட்டுப் பேச்சாளர்களுக்கும் மேலே போட்டு, "நம் பெண், மெல்லப் பேசுவாள், ஆனால் கேட்கலாம்" என்று எழுதியிருந்தார். அரங்கம் நிறைந்துவிட்டது. அவள் நன்றாகவே பேசினாள். கடைசியில் கீழ்த்தளத்து நண்பர் ஒருவர் எழுந்து, "ஒலிநாடாவை அப்படிப் பிரிச்ச புத்திசாலி யாரும்மா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். விஷ்ன்யா தரையைப் பார்த்தாள்.

"நான்தான்," என்றேன். சரியாகக் கேட்கவில்லை போலிருந்தது. எழுந்து நின்று இன்னொரு முறை சொன்னேன். "பிரிச்சது நான்தான். ஒரு வருஷம் கழிச்சு, அதுவும் வலுக்கட்டாயமாப் படிக்க வச்சதாலதான் கண்ணுல பட்டுது." முன்பைவிடப் பலமாகச் சிரித்தார்கள். அதில் தப்பொன்றும் இல்லை.

பேச்சு முடிந்து காபி நேரம். ரொசாந்தா கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். இத்தனை மாதமாகக் கேட்க நினைத்ததை அப்போதுதான் கேட்டேன்.

"அக்கா, நான் அந்தக் கட்டுரையைப் படிக்கவே இல்லைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கெப்படித் தெரியும் தம்பி? உங்க மேசைக்கா நான் வர்றேன்? இந்தப் பொண்ணுதான் பத்தொன்பதாந்தேதி எங்கிட்ட வந்து நின்னா. சார் கடைசி ரெண்டு மணி நேரம்வரைக்கும் இதைத் தொடமாட்டார், அப்புறம் அவசர அவசரமா வெட்டுவார், வெட்டினதைத் திருப்பிப் படிக்கமாட்டார், எப்படியாச்சும் ரெண்டு நாள் முன்னாடியே அந்த ரெண்டு மணி நேரத்தை வரவைக்க முடியுமான்னு கேட்டா."

நான் விஷ்ன்யாவைப் பார்த்தேன். கோப்பைக்குள் முகத்தை ஒளித்துக்கொள்ள முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். காது வரை சிவந்திருந்தது.

"கரண்டி விழுந்துச்சே?"

"போட்டேன் சார்."

"அழுதியே?"

"அது நெசம் சார். பன்னிரண்டு நாப்பதுக்கு என் முடிவுரை முழுசையும் அழிச்சீங்க. மூணு வாரம் எழுதினது."

கோபம் வந்ததா என்றால் வந்தது. காலிலிருந்து தலை வரை வந்தது. யார் மேல் அதைக் காட்டுவது என்று சுற்றிலும் பார்த்தேன், ஆள் அகப்படவில்லை. ஒரு பெண் தன் பிழைப்பைக் காப்பாற்றிக்கொள்ளத் தன் பேராசிரியரிடமிருந்தே தப்பிக்க வழி தேடியிருக்கிறாள். அதைக் கேட்க வெட்கமாக இருந்தது.

அவளுடைய அடுத்த கட்டுரையின் முதல் வரைவு என் மேசையில் வந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. காபியைப் பாதியில் வைத்துவிட்டு, மாடியேறிப் போய் அதைப் படிக்க உட்கார்ந்தேன்.